தாய்மாமன் மடியும் ஒப்படைப்புப் பதிவேடும்

போன மாதம் பரிமளா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது விட்டுவந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"அக்கா, ஒப்படைப்பு ரிஜிஸ்டரக் கம்ப்யூட்டருக்கு மாத்தறாங்க. நம்முளுதுல பத்துக் கட்டம் இருக்குது, அதுல ஆறுக்குத்தான் எடமிருக்குதுங்கறாங்க. எதயெல்லாம் எடுத்தரட்டுமுங்க?"

"எத வேணா எடு சாமி. கடைசிக் கட்டத்த மட்டும் தொட்றாத" என்றேன்.

"குறிப்புங்கற கட்டமுங்களா? அது முக்காவாசிப் பக்கத்துல காலியாத்தான கெடக்குது?"

காலியாகக் கிடந்ததுதான் வினை என்பதைப் போனில் சொல்லி விளங்க வைக்க முடியவில்லை. அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். எந்த ஊர் நீதிமன்றம் என்று மட்டும் கேட்காதீர்கள். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டைப்பிஸ்ட்டாக வேலைக்குச் சேர்ந்தேன். நகல் பிரிவு, ஆவண அறை, சிவில் கோர்ட்டு என்று பந்தாடப்பட்டு, கடைசியில் குடும்ப நல நீதிமன்றத்துக்குத் தலைமை எழுத்தராக வந்து சேர்ந்தேன். பிரிந்துபோன புருஷன் பெண்டாட்டிகளின் பஞ்சாயத்து அங்கே. பிள்ளை ஒருவரிடம் இருக்கும். மற்றவருக்கு மாதத்தில் இத்தனை நாள் என்று உத்தரவாகும். நேருக்கு நேர் பார்த்தாலே சண்டை வருகிற ஜோடிகளுக்கு, பிள்ளையை நீதிமன்றத்திலேயே வைத்துக் கைமாற்றிக் கொடுக்க வேண்டும். அந்த வேலை என் தலையில் விழுந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒப்படைப்பு, ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திருப்பி ஒப்படைப்பு. "நீ பேசாம கோர்ட்டையே கட்டிக்கிட்டிருக்கலாம்" என்று என் வீட்டுக்காரர் வாரம் தவறாமல் சொல்வார்.

முறை எப்படி என்று சொல்கிறேன். அம்மா பிள்ளையோடு முன்வாசல் வழியாக வர வேண்டும். அப்பா அந்த நேரம் சைக்கிள் ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும். பையை மேசை மேல் பிரித்து, துணி எத்தனை, செருப்பு உண்டா, மருந்து உண்டா, உடம்பில் நகை என்ன, காயம் ஏதும் உண்டா என்று கட்டம் கட்டமாக எழுதுவேன். அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விட வேண்டும். அதற்கப்புறம் ஐந்து நிமிடம் கழித்துத்தான் அப்பாவைக் கூப்பிடுவேன். ஞாயிற்றுக்கிழமை இதே சடங்கு தலைகீழாக நடக்கும். நடுவில் உள்ள அந்த ஐந்து நிமிடம் பிள்ளை என்னோடு இருக்கும். தண்ணீர் குடிக்கும், ஒன்றுக்குப் போகும், சுவரில் இருக்கிற பல்லியைப் பார்க்கும்.

அந்த ஐந்து நிமிடம் எங்கள் நீதிபதி ஐயா கண்டுபிடித்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது பேசும்போது பேனாவின் மூடியை மூடி மேசை மேல் வைத்துவிடுவார். மூடியைத் திறந்தார் என்றால் முடிவெடுத்துவிட்டார் என்று அர்த்தம். பெரிய பெரிய வக்கீல்களெல்லாம் அந்த மூடியைப் பார்த்துத்தான் பேச்சை நீட்டுவார்கள், குறைப்பார்கள். பிள்ளைகளை அவருடைய அறைக்குள் கூப்பிட்டுப் பேசும்போது, உனக்கு எந்த வீடு பிடிக்கும் என்று ஒரு நாளும் கேட்க மாட்டார். காலையில் என்ன சாப்பிட்டாய் என்பார். "பிள்ளைக்கு ரெண்டு வீடு இருக்கலாம்மா. ரெண்டு சாட்சிக் கூண்டு இருக்கக் கூடாது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் வேலை பார்த்துவிட்டுத்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன்.

மகிழினி என்று ஒரு பெண் குழந்தை. நாலரை வயது. அம்மா சுகன்யா இளம்பிள்ளை என்ற ஊரில் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் முருகேசன் விசைத்தறி ஓட்டிச் சேலை நெய்பவர். பிள்ளைக்கு இரண்டு வயதானபோது சுகன்யா பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டாள். அது முதல் குழந்தையைத் தோளில் போட்டு வளர்த்தவர் அந்த மாமன்தான். அப்பா பிரபுவுக்கு ஜேடர்பாளையத்துப் பக்கம் வாழைத் தோட்டம். இரண்டு பேரும் ஏன் பிரிந்தார்கள் என்பது எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனி, ஞாயிறு அப்பா வீட்டில் என்று உத்தரவு. ஏழெட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது.

ஒரு சனிக்கிழமை சுகன்யா கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள். ஐந்து நிமிடம் கழித்துப் பிரபுவைக் கூப்பிட்டேன். எப்போதும் பேன்ட்டில் வருகிற ஆள், அன்றைக்கு வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார்.

"ஏனுங்க மேடம், நாளைக்குக் குலசாமி கோயலுக்குப் பாப்பாவக் கூட்டிட்டுப் போலாமுங்களா?" என்றார்.

உத்தரவைப் புரட்டினேன். அதில் கோயிலைப் பற்றி ஒன்றும் இல்லை. "சாமி கும்புடறதுக்கு எதுக்குங்க கோர்ட்டக் கேக்கறீங்க? போய்ட்டு வாங்க" என்றேன்.

என்ன நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரியாது என்றால் அது பொய். நானும் இந்த மண்ணில் பிறந்தவள்தான். பிறந்ததிலிருந்து கத்தரி படாத முடி, ஐந்து வயது ஆகப் போகிறது, அப்பன் வெள்ளை வேட்டியில் வந்து குலசாமி என்கிறான். முதல் முடி அப்பன் வழிக் குலசாமிக்கு என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டிய சங்கதி. மொட்டையடித்த கையோடு காதும் குத்திவிடுவார்கள். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் உண்மையைச் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் நான் சுகன்யாவுக்குத் தெரிவிக்க வேண்டியிருக்கும். அவள் மறுப்பாள், வராந்தாவில் ரகளை நடக்கும். அதற்குப் பயந்தேன். அதைவிட மோசமான இன்னொன்றும் உண்டு. அப்பன் வீட்டு நேர்த்திக்கு அம்மாவைக் கேட்க வேண்டும் என்பதே அப்போது என் புத்தியில் ஏறவில்லை. குறிப்புக் கட்டத்தைக் காலியாக விட்டுப் பதிவேட்டை மூடினேன்.

ஞாயிறு மாலை பிரபு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலையில் துண்டு போட்டிருந்தது. எடுத்தார். மொட்டைத் தலையில் சந்தனம், காதில் தங்க வளையம், காது மடல் இரண்டும் சிவந்து, கண்கள் அழுது வீங்கிக் கிடந்தன. "நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்று சந்தோஷமாகத்தான் சொன்னார். நகை என்ற கட்டத்தில் 'காதில் வளையம் ஒரு ஜோடி' என்று எழுதினேன். முந்தின நாள் வரியில் அதே கட்டத்தில் 'இல்லை' என்று இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த ஐந்து நிமிடம் குழந்தை தண்ணீரும் குடிக்கவில்லை, பல்லியையும் பார்க்கவில்லை.

சுகன்யா உள்ளே வந்தாள். கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை. மொட்டைத் தலையைத் தடவினாள். காதைப் பார்த்தாள். பிறகு குழந்தையிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"யாரு மடியில ஒக்கார வெச்சாங்க?"

காது குத்தும்போது பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது தாய்மாமனின் உரிமை. தோடும் அவர்தான் கொண்டுவர வேண்டும். முருகேசன் தோடு செய்து பீரோவில் வைத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கோயிலில் அவர் இடத்தில் உட்கார்ந்தவர் பிரபுவுடைய பெரியப்பா மருமகளின் தம்பி. முறைக்கு அவரும் மாமன் ஆகிறார், அவ்வளவுதான். சொந்த மாமன் உயிரோடு இருக்கும்போது இன்னொருவன் மடியில் வைப்பது எங்கள் பக்கத்தில் அவனைச் செத்தவன் கணக்கில் சேர்ப்பதற்குச் சமம். சுகன்யா கையெழுத்துப் போட்ட வேகத்தில் தாள் கிழிந்தது. கேட்டுக்கு வெளியே மொபெட்டோடு நின்றிருந்த முருகேசன் குழந்தையின் காதைப் பார்த்தார். திரும்பி மதில் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

அடுத்த முறை குழந்தை வரவில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் பிரபு மதியம் வரை நின்றுவிட்டுப் போனார். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். அந்த வாரமே இரண்டு மனுக்கள் என் மேசைக்கு வந்தன. அப்பா வீட்டுக்கு அனுப்புவதை அடியோடு நிறுத்த வேண்டும், குழந்தையே போக மாட்டேன் என்கிறது என்று சுகன்யா. உத்தரவை மீறிவிட்டாள், போலீசை வைத்தாவது குழந்தையைக் கொண்டுவர வேண்டும் என்று பிரபு. எந்த மனு ஜெயித்தாலும் மகிழினிக்கு ஒரு வீடு போய்விடும். போலீஸ்காரர் தூக்கிக்கொண்டு போய் விடுகிற இடத்தை எந்தப் பிள்ளை வீடு என்று நினைக்கும்?

விசாரணையன்று வக்கீல்கள் முடியைப் பிடித்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் வாதாடினார்கள். மொட்டையடித்தது கொடுமை என்றார் ஒருவர். மத உரிமை என்றார் மற்றவர். ஐயா பேனா மூடியை மூடியே வைத்திருந்தார். பிறகு பிரபுவைப் பார்த்துக் கேட்டார்.

"யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

பிரபு என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். மேடைக்குக் கீழே வழக்குக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த நான் குனிந்து ஒரு கட்டைப் பிரித்தேன்.

"யாரையும் கேக்கலீங்கய்யா. என்ற தப்புத்தானுங்க" என்றார்.

அவர் என்னைக் காட்டிக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. நான் எழுந்திருக்கலாம், எழவில்லை. முப்பது வருட உத்தியோகத்தில் அதைப் போல் நான் வெட்கப்பட்டதில்லை. மதிய இடைவேளையில் ஐயா அறைக்குப் போனேன். டிபன் பாக்ஸில் தயிர்சாதம் திறந்திருந்தது. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சுதானுங்கய்யா."

அவர் திட்டவில்லை. டிபன் பாக்ஸை மூடினார். "ரிஜிஸ்டரை எடுத்துட்டு வாங்க" என்றார். எடுத்து வந்தேன். "அந்தத் தேதிக்கு நேரா, குறிப்பில் எழுதுங்க. கீழே இன்னைக்குத் தேதி போடுங்க. அன்னைக்கே எழுதினதுன்னு யாரும் நினைச்சிடக் கூடாது."

'தந்தை குலதெய்வக் கோயிலுக்கு அழைத்துச் செல்லலாமா எனக் கேட்டார். நான் சம்மதித்தேன். நோக்கம் தெரிந்தும் தாய்க்குத் தெரிவிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மதியம் அதை அவர் இரண்டு தரப்புக்கும் முன்னால் படித்துக் காட்டினார். சுகன்யா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பின்னால் வந்த மெமோ எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை, அந்தப் பார்வை வலித்தது. அவள் ஒவ்வொரு முறையும் பிள்ளையை என்னை நம்பித்தான் விட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் போயிருக்கிறாள்.

அதற்கப்புறம் மகிழினியை அறைக்குள் கூப்பிட்டார். ஐயா, நான், குழந்தை, மூன்றே பேர். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றார். இட்லி என்றாள். அப்பா வீட்டில் என்ன சாப்பிடுவாய் என்றார். கொஞ்சம் யோசித்து, "மீனு. அப்பா முள்ளெடுத்துக் குடுப்பாங்க" என்றாள்.

"காது ரொம்ப வலிச்சுதா?"

"கொஞ்சூண்டு."

"மொட்டை போட்டது?"

"நல்லாருந்துச்சு. தலையில காத்தடிச்சுது."

ஐயா என்னைப் பார்த்தார். ஒன்றரை மணி நேர வாதம் காற்றோடு போனது. "அப்புறம் ஏன் அழுதே?" என்றார்.

"மாமா வரட்டும், அப்பறம் குத்தலாம்னு சொன்னேன். மாமா வரமாட்டாருன்னு அப்பா சொன்னாங்க. வாரேன்னு மாமா சொல்லியிருந்தாரு." குழந்தை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஐயாவை நிமிர்ந்து பார்த்தது. "மாமா பொய் சொன்னாரா, அப்பா பொய் சொன்னாங்களா?"

ஐயா குழந்தையை வெளியே அனுப்பிய பிறகு, "இந்த மடி விஷயம் எனக்கு முழுசாப் புரியலை. விளக்கிச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். மாமனை எப்படி அழைப்பார்கள் என்று கேட்டார்.

"வெத்தல பாக்கு, பழம், தேங்கா வெச்சுத் தட்டெடுத்துக்கிட்டு, ஊட்டுக்கே போயிக் கூப்புடோணுமுங்கய்யா. போன்ல சொன்னா வரமாட்டாங்க."

பேனா மூடியைத் திறந்தார். வழக்கைப் பதினைந்து நாள் தள்ளிவைத்தார். பிரபுவைக் கூப்பிட்டு, தட்டெடுத்துக்கொண்டு முருகேசன் வீட்டுக்குப் போய், மாமா வாக்குத் தவறவில்லை என்பதைக் குழந்தைக்கு முன்னால் சொல்லச் சொன்னார். "இது உத்தரவு இல்லை. போகலைன்னா உங்க மேல நடவடிக்கை கிடையாது. போனா, அடுத்த வாய்தாவுல நான் எழுதறதுக்கு ஏதாவது இருக்கும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களும் கூடப் போங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது" என்றார். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

இளம்பிள்ளையில் முருகேசன் வீட்டின் முன்பக்கமே தறிக்கூடம். நாங்கள் போன நேரம் இரண்டு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவர் பேசினாலும் கேட்காத சத்தம். முருகேசன் எங்களைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தறிப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுகன்யா வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குழந்தை அவள் சேலைக்குப் பின்னால் நின்றது.

பிரபு தட்டோடு கூடத்து வாசலில் நின்றார். "மச்சான்" என்று கூப்பிட்டார். சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை, உதடு அசைந்ததுதான் தெரிந்தது. இன்னொரு தரம் கூப்பிட்டார். முருகேசன் அறுந்த இழை ஒன்றைப் பிடித்து நிதானமாக முடிந்தார். வெயில் ஏறியது. தெருவில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பிரபுவின் கால் ஓர் அடி பின்னால் போனது. போய்விடுவார் என்றே நினைத்தேன். போனால் எல்லாம் முடிந்தது, அந்தக் குழந்தைக்கு இனி ஜேடர்பாளையம் கிடையாது. எனக்கு வாய் துறுதுறுத்தது. புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

பிரபு போகவில்லை. முருகேசனை விட்டுவிட்டு வீட்டு வாசல் பக்கம் திரும்பினார். தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினார்.

"மகிழு, மாமா பொய் சொல்லல சாமி. அப்பாதான் மாமாவக் கூப்புடல. கூப்புடாம எப்படி வருவாங்க?"

குழந்தை காதில் கையை வைத்துக்கொண்டு, கேட்கவில்லை என்று சைகை காட்டியது. பிறகு அம்மாவின் சேலையை விட்டுவிட்டு நேராகத் தறிக்கூடத்துக்கு ஓடியது. முருகேசனின் வேட்டியைப் பிடித்து இழுத்தது. அவர் குனிந்தார். அது அவர் காதோடு ஏதோ சொன்னது. அவர் கை நீட்டி ஒரு தறியை நிறுத்தினார். கொஞ்சம் தயங்கி, மற்றதையும் நிறுத்தினார்.

"இப்பச் சொல்லுங்கப்பா" என்றது குழந்தை.

பிரபு மறுபடியும் சொன்னார். இந்தத் தரம் குரல் எழும்பவில்லை. சத்தம் நின்ற கூடத்தில் அது எல்லோருக்கும் கேட்டது.

முருகேசன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "முந்தி உங்கள மாப்ளன்னு கூப்புட்டனுங்க. இனி என்னன்னு கூப்புடறதுன்னே எனக்குத் தெரியல" என்றார்.

"பாப்பாவோட அப்பான்னு நெனச்சீங்கன்னாப் போதுமுங்க."

"தட்ட எங்கிட்டக் குடுக்காதீங்க. அவகிட்டக் குடுங்க."

குழந்தை இரண்டு கையாலும் தட்டை வாங்கியது. ஒரு பழம் கீழே விழுந்தது. அதை யாரும் எடுக்கவில்லை. சுகன்யா உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து, பிரபுவின் கையில் கொடுக்காமல், தறிக்கூடத்துப் படியில் வைத்துவிட்டுப் போனாள். அவர் எடுத்துக் குடித்தார். கோயிலில் போட்ட வளையத்தைச் சுகன்யா அந்த ஞாயிறே கழற்றிவிட்டாள், துளை தூர்ந்துவிட்டது. "தோடு பீரோவுலதான் இருக்குதுங்க. இப்ப வேண்டாம், புள்ளைக்கு ரெண்டாந்தரம் எதுக்கு வலி? அவளாக் கேக்கறப்பக் குத்திக்கலாம். அன்னிக்குச் சொல்லி உடறேன், நீங்களும் வந்துருங்க" என்றார் முருகேசன்.

அடுத்த வாய்தாவில் இரண்டு மனுக்களும் வாபஸ் ஆயின. நேர்த்தி, முடி, காது, பள்ளிக்கூடம், எதுவானாலும் முன்கூட்டியே குறிப்புக் கட்டத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஐயா ஒரு வரி சேர்த்தார். அதற்காக அவர்கள் ஒட்டி உறவாடினார்கள் என்று நினைக்காதீர்கள். ஷூ சேறானதற்குச் சண்டை வந்தது, காய்ச்சல் மருந்தை மறந்ததற்குச் சண்டை வந்தது. ஆனால் மகிழினி ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. ஐயா மாற்றலாகிப் போனார். நான் அந்த மேசையிலேயே கிடந்தேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின சனிக்கிழமை. மகிழினிக்கு ஒன்பது வயது. பின்னல் இடுப்பைத் தொட்டது. வழக்கம்போல எழுதிக்கொண்டே வந்தேன். நகைக் கட்டம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தால், காதில் பழைய மாதிரியில் செய்த சின்னத் தோடு. காது குத்தப் போவதாக இரண்டு பேரும் முந்தின முறையே குறிப்பில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 'தோடு ஒரு ஜோடி' என்று எழுதினேன். அவள் எதிர்ப்பக்கத்திலிருந்தே அதைத் தலைகீழாகப் படித்தாள்.

"அவ்வளவுதானுங்களா? எப்படிக் குத்துனாங்கன்னு எழுத மாட்டீங்களா?"

"அதுக்குக் கட்டம் இல்லியே சாமி."

"கடைசில ஒண்ணு காலியாத்தான இருக்குது?" என்று விரலை வைத்துக் காட்டினாள். "எழுதுங்க. மாமா மடியில ஒக்காந்து குத்துனது. அப்பா பக்கத்துல நின்னாங்க. அம்மா கையப் புடிச்சிருந்தாங்க. எப்பன்னு நாந்தான் சொன்னேன்."

அவள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதினேன். சுகன்யா படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். ஐந்து நிமிடம் கழித்துப் பிரபு வந்தார். படித்தார். இரண்டாம் முறையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பரிமளா, அந்தப் பதிவேட்டில் ஒரு பிள்ளை சொல்லி நான் எழுதியது அந்த ஒரு வரிதான். எத்தனை சனி, எத்தனை ஞாயிறு, எத்தனை பிள்ளைகள் ஐந்தைந்து நிமிடம் என் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவரிடமும், உனக்காக என்ன எழுதட்டும் என்று நான் கேட்டதில்லை.